கஜானாவின் கணக்கும் குடும்பத்தின் கணக்கும்



நான் தலைமையாசிரியராக இருந்தபோது எங்கள் பள்ளியின் இலக்கிய மன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு சொற்போர் நடத்துவது வழக்கம். ஓர் ஆண்டு, 'எல்லோருக்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்க ஓர் அரசாங்கத்தால் இயலுமா?' என்பது தலைப்பு. இயலும் என்ற கட்சியினர் இரக்கத்தைப் பற்றியும் தருமத்தைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார்கள். இயலாது என்ற கட்சியினர் செலவைப் பற்றிப் பேசினார்கள். முன்னவர் பேச்சில் ஓர் எண்கூட இல்லை; பின்னவர் பேச்சில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. நடுவராக அமர்ந்திருந்த நான், 'இரு சாராரும் திறம்பட வாதாடினர்' என்று சொல்லிப் பரிசை இரு பங்காக்கிக் கொடுத்து எழுந்துவிட்டேன். மாணவர்கள் கை தட்டினார்கள். ஆனால் நான் சொன்னது தீர்ப்பு அன்று. தீர்ப்புச் சொல்லாமல் தப்பிக்கும் வழி. அது என் மனத்தை இன்றளவும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்ல விரும்புகிறேன். வெறும் வாதமாகச் சொல்வதைவிடச் சரித்திரத்தில் நடந்த ஒன்றைக் காட்டிச் சொல்வது நலம். ஆகவே, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவம் என்ற சீர்திருத்தத்தை அந்நாடு 1948-ஆம் ஆண்டில் செய்தது. 'இதற்கு என்ன செலவு? யார் கொடுப்பது?' என்ற வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, இன்றும் முடிந்தபாடில்லை.

சீர்திருத்தத்துக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதை முதலில் நோக்குவோம். 1911-இல் லாயிட் ஜார்ஜ் என்ற நிதி அமைச்சர் ஒரு காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளி வாரத்துக்கு நான்கு பென்ஸ் செலுத்த வேண்டும். முதலாளி மூன்று பென்ஸும் அரசாங்கம் இரண்டு பென்ஸும் சேர்க்கும். 'நான்கு கொடுத்து ஒன்பது பெறலாம்' என்று அதனை மக்களுக்கு விளக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன்படி மருத்துவரை நாடும் உரிமை, சந்தா செலுத்திய தொழிலாளிக்கு மட்டுமே உண்டு. அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இல்லை. கணவனுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர் வருவார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால், கையில் இருக்கும் காசை எண்ணிப் பார்த்துவிட்டு அவள் பேசாமல் இருந்துவிடுவாள். மருத்துவமனைகளில் ஒரு பகுதி செல்வர்களின் நன்கொடையால் நடந்தவை. மறு பகுதி நகராட்சிகள் நடத்தியவை. நன்கொடை மருத்துவமனைகளில் நோயாளியின் வருமானத்தை விசாரித்து, இவ்வளவு கொடுக்கலாம் என்று மதிப்பிடுவதற்கென்றே ஓர் அலுவலர் இருப்பார்.

கண்ணும் பல்லும் எப்படிப் பேணப்பட்டன என்பதையும் கேளுங்கள். பார்வை மங்கியவர்களில் ஏழைகள் கண் மருத்துவரிடம் செல்வதில்லை. கடைகளில் தட்டு நிறையக் குவித்து வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்து, எது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதனை வாங்கிக்கொண்டு போவார்கள். பற்களின் கதை இன்னும் துயரமானது. நாட்டின் சில பகுதிகளில், திருமணத்துக்கு முன்பே பெண்ணின் பற்கள் அனைத்தையும் பிடுங்கிப் பொய்ப்பற்கள் கட்டி அனுப்பும் வழக்கம் இருந்தது. பின்னாளில் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு நேரக் கூடாது என்பதே அதன் நோக்கம். மாணவர்களே, இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். செலவுக்கு அஞ்சி மனிதர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிலையில் 1942 டிசம்பரில் சர் வில்லியம் பெவரிட்ஜ் என்பவர் சமூகக் காப்புறுதி பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். இவர் நம் துணைக்கண்டத்தில், பழைய வங்காள மாகாணத்து ரங்பூரில் 1879-இல் பிறந்தவர். வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை என்னும் ஐந்து அரக்கர்களை ஒழிக்க வேண்டும் என்றார் அவர். எல்லோருக்கும் பொதுவான மருத்துவ ஏற்பாடு அத்திட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதற்கு ஆண்டுக்கு 17 கோடிப் பவுண்டு செலவாகும் என்று மதிப்பிட்டார். 1945-இல் 17 கோடி. இருபது ஆண்டு கழித்து 1965-இலும் அதே 17 கோடி. மருத்துவம் நன்றாக நடந்தால் நோய் குறையும். நோய் குறைந்தால் செலவும் ஏறாது என்பது அவருடைய எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அது எங்ஙனம் பொய்த்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1945-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நம் நாட்டு விடுதலை யாருடைய ஆட்சியில் வந்ததோ, அந்த அட்லிதான் பிரதமர். அனைரின் பெவன் என்பவர் சுகாதார அமைச்சரானார். பெவரிட்ஜ் வேறு, பெவன் வேறு. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டா. பெவரிட்ஜ் பெரிய கல்விமான். பெவன் வேல்ஸ் நாட்டு டிரெடிகர் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 13 வயதில் பள்ளியை விட்டுத் தாமும் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய தந்தை நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தார். அந்த ஊர்த் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சில பென்ஸைப் பொதுநிதியில் சேர்த்து, மருத்துவர்களையும் மருத்துவமனையையும் தங்கள் குடும்பங்களுக்காக அமர்த்தியிருந்தார்கள். ஓர் ஊர் செய்ததை ஒரு நாடு செய்யலாகாதா என்பதே பெவன் கேட்ட கேள்வி.

1946-இல் சட்டம் நிறைவேறியது. இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வர இருந்தன. செலவின் பெரும்பகுதி பொது வரியிலிருந்து. நோயாளி சிகிச்சை பெறும் வேளையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தாங்கள் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர்களாக்கப்படுவோம் என்று அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் அவர்களுடைய சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குச் சட்டத்தை ஏற்க மறுத்தனர். பெவன் சற்று விட்டுக்கொடுத்தார். பொது மருத்துவர்களை முழுச் சம்பளக்காரராக்குவதில்லை என்று உறுதியளித்தார்; பெரிய நிபுணர்கள் தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று இசைந்தார். 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது.

இப்பொழுது செலவுக்கு வருவோம். தொடங்கிய சில மாதங்களிலேயே கணக்குப் பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். முதல் ஆண்டில் பல் வைத்தியம் பெற்றவர்கள் சுமார் 85 லட்சம் பேர். வழங்கப்பட்ட மூக்குக் கண்ணாடிகள் 50 லட்சத்துக்கு மேல். 1949–50-க்கு முதலில் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 26 கோடிப் பவுண்டு. அது போதாமல் மேலும் சுமார் 10 கோடிப் பவுண்டு கேட்டுப் பாராளுமன்றத்தில் நிற்க நேர்ந்தது. எதிர்க்கட்சியினருக்கு நல்ல வாய்ப்பு. இலவசம் என்றதும் மக்கள் பேராசை கொண்டு அள்ளுகிறார்கள், தேவையில்லாதவனும் கண்ணாடி வாங்குகிறான் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. மருந்து வீணாக விழுங்கப்படுகிறதே என்று பெவனே கவலைப்பட்டார். கட்டணம் விதிக்க இடம் தரும் ஒரு திருத்தச் சட்டம் 1949-இலேயே நிறைவேறியது. ஆனால் அப்போது கட்டணம் விதிக்கப்படவில்லை.

மக்கள் பேராசையால்தான் 50 லட்சம் கண்ணாடி வாங்கினார்களா? இதற்கு விடை சொல்லுமுன் என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அது எனக்குப் பெருமை தருவது அன்று.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாயால் சொல்லும் கணக்கை எல்லோருக்கும் முன்னால் போடுவான். கரும்பலகையில் எழுதிப் போட்டால் எல்லாம் தவறு. 3 என்பதை 8 என்று எழுதுவான். 1 என்பதை 7 என்பான். கவனமில்லாதவன் என்று நான் முடிவு கட்டினேன். எத்தனையோ நாள் அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேறி வந்தவன் நான். ஆயினும் அவன் கண்ணைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை. இரண்டு ஆண்டு இப்படிச் சென்றது. பிறகு எங்கள் ஊரில் ஓர் இலவசக் கண் முகாம் நடந்தது. அவனுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அதனை அணிந்து வந்த முதல் நாள், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், பலகையில் இருப்பதைப் பார்த்தே எழுதலாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

நேயர்களே, அந்தக் கண்ணாடியின் விலை சில பத்து ரூபாய். அது முகாமின் கணக்கில் செலவு என்று எழுதப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் விலை எந்தக் கணக்கேட்டில் எழுதப்பட்டது? அந்தச் செலவைக் கொடுத்தவன் அந்தச் சிறுவன். அவனிடம் கணக்கேடு இல்லை. ஆகவே செலவே இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பிரிட்டனில் 1948-இல் வெளிப்பட்டதும் இதுவே. 50 லட்சம் பேருக்கு ஒரே ஆண்டில் பார்வை கெட்டுவிடவில்லை. பல ஆண்டுகளாக மங்கிய கண்ணோடு தையல் தைத்தவர்களும், எந்திரத்தை ஓட்டியவர்களும், பத்திரிகை படிப்பதையே விட்டவர்களும் அந்த ஆண்டில் வரிசையில் வந்து நின்றார்கள். முதன்முதலாகத் தங்களிடம் வந்த பெண்களில் பலர், நெடுங்காலமாக நோயை மறைத்து வைத்துக்கொண்டே வீட்டு வேலை செய்து வந்தவர்கள் என்று அக்கால மருத்துவர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். குடும்பங்களின் கணக்கில் சிதறிக் கிடந்த துன்பம், கஜானாவின் கணக்கில் ஒரே வரியில் தொகையாக வந்து நின்றது. பழைய கடன் புதிய செலவாகத் தோன்றியது.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். கஜானா என்பது அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் அன்று. போரினால் பிரிட்டன் கடனாளியாகியிருந்தது. அப்போது நிதி அமைச்சராக இருந்தவர் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். 1942-இல் நம் நாட்டுக்குத் தூது வந்தவர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அவரும் மருத்துவச் செலவுக்கு ஒரு வரம்பு கட்ட முயன்றார். 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. மூன்று ஆண்டுகளில் 470 கோடிப் பவுண்டு செலவில் படைபலத்தைப் பெருக்க அரசாங்கம் முடிவு செய்தது. கிரிப்ஸுக்குப் பின் நிதி அமைச்சரான ஹியூ கெயிட்ஸ்கெல், 1951 ஏப்ரல் 10-ஆம் நாள் தம் வரவுசெலவுத் திட்டத்தைப் படைத்தார். மருத்துவச் செலவு 40 கோடிப் பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்றும், கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் ஏறத்தாழப் பாதி விலையை மக்களே செலுத்த வேண்டும் என்றும் அதில் விதித்தார். அதே திட்டத்தில் முதியோருக்கான ஓய்வூதியத்தை உயர்த்தவும் செய்தார். இருப்பது ஒரு தொகை, தேவைகள் பல, ஆகையால் எது முதல், எது பின் என்று வரிசைப்படுத்துவதே ஆள்வோர் கடமை என்பது அவருடைய வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தக் கட்டணத்தால் அவ்வாண்டு கிடைக்கக்கூடியது 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. கணக்குத் தெரிந்த மாணவர்கள் உடனே பார்க்கலாம்: மருத்துவத்துக்கான 40 கோடியில் இது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். படைச் செலவின் ஓராண்டுப் பங்கோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய தொகைக்காக ஓர் அடிப்படைக் கொள்கையை உடைப்பதா என்று கேட்டார் பெவன். இவ்வளவு சிறிய தொகைக்காக ஓர் அரசாங்கத்தையே உடைப்பதா என்று கேட்டார்கள் அவருடைய தோழர்கள். தொகை சிறியது என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை! மருத்துவம் வரம்புக்கு உட்பட்டதா, உரிமைக்கு உட்பட்டதா என்பதுதான் உண்மையான வழக்கு. எண்களைச் சொல்லி வாதாடுவோர் பல வேளைகளில் எண்களுக்காக வாதாடுவதில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

இந்தச் சச்சரவு நடந்தபோது பிரதமர் அட்லி எங்கே இருந்தார்? குடல் புண்ணுக்குச் சிகிச்சை பெற்று லண்டனில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தார். மருத்துவச் செலவைப் பற்றிய வழக்கை அமைச்சர்கள் நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் முறையிட்டார்கள். சமாதானம் ஏற்படவில்லை. ஏப்ரல் 22-ஆம் நாள் பெவன் பதவி விலகினார். அவரோடு ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் விலகினார்கள். இந்த ஃப்ரீமன் பின்னர் 1965 முதல் 1968 வரை புது தில்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்தவர். அந்த ஆண்டு அக்டோபர்த் தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். அந்தப் பெரிய படைத்திட்டம் குறித்த காலத்துக்குள் நிறைவேறாது என்று டிசம்பரில் அவரே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பொருளும் கருவியும் கிடைக்கமாட்டா என்று பெவன் முன்பே எச்சரித்திருந்தார். கண்ணாடிக் கட்டணத்தை எள்ளளவும் விடாமல் கணக்கிட்டவர்கள், படைச்செலவின் கணக்கை அவ்வளவு நுணுகி ஆராயவில்லை போலும்.

புதிய ஆட்சி 1952 ஜூன் முதல் மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதித்தது. பல் வைத்தியத்துக்கும் கட்டணம் வந்தது. பின்னர் 1953-இல், மருத்துவச் செலவு கட்டுக்கடங்காமல் போகிறதா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் கில்லபோ அதன் தலைவர். வீண் செலவைக் கண்டுபிடித்துத் தரும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். குழுவுக்காகக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் பிரயன் ஏபல்-ஸ்மித், ரிச்சர்டு டிட்மஸ் என்ற இரு அறிஞர்கள்.

அவர்கள் செய்தது மிக எளியது; ஆனால் அதுவரை எவரும் முறையாகச் செய்யாதது. பவுண்டுகளை மட்டும் எண்ணாமல், விலைவாசி ஏறியதையும் நாட்டின் மொத்த வருமானம் ஏறியதையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரு குடும்பத்தில் ஐந்தாண்டுக்கு முன் மாதம் 100 ரூபாய் மருந்துக்குச் செலவாயிற்று, இன்று 120 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏறிவிட்டது என்று உடனே சொல்லிவிடலாமா? மருந்தின் விலை எவ்வளவு ஏறியது, குடும்பத்தின் வருமானம் எவ்வளவு ஏறியது என்று கேட்க வேண்டாமா? அவ்வாறு கேட்டபோது 1956 ஜனவரியில் வெளிவந்த விடை எல்லோரையும் வியக்க வைத்தது. நாட்டின் வருமானத்தில் மருத்துவப் பணி எடுத்துக்கொண்ட பங்கு 1949–50-இல் நூற்றுக்கு 3.75, 1953–54-இல் நூற்றுக்கு 3.25. ஏறிக்கொண்டே போகிறது என்று நாடே அஞ்சிய செலவு, உண்மையில் இறங்கியிருந்தது. பெருத்த ஊதாரித்தனம் நடந்ததற்குச் சான்றில்லை என்றது குழு. மருத்துவமனைக் கட்டடங்களுக்கு அரசாங்கம் செலவிடும் தொகை மிகக் குறைவு, அதனைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னது. சில ஆண்டுகளுக்குப் பின் 1962-இல் 90 புதிய மருத்துவமனைகளைக் கட்டும் திட்டம் வந்தது. அதே குழு, கட்டணங்கள் அனைத்தையும் உடனே நீக்கிவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை என்பதை நான் மறைக்கக் கூடாது.

அப்படியானால் பெவன் கட்சி வென்றது என்று எழுதி வழக்கை முடித்துவிடலாமா? சரித்திரம் அவ்வளவு எளிதில் விடைபெறுவதில்லை. 1951-இல் பெவனோடு பதவி துறந்த ஹெரால்டு வில்சன் 1964-இல் பிரதமரானார். 1965 பிப்ரவரியில் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்கினார். 1967-இல் பவுண்டின் மதிப்பைக் குறைக்க நேர்ந்த நெருக்கடிக்குப் பின், 1968 ஜூனில் அவருடைய அரசாங்கமே அக்கட்டணத்தை மீண்டும் விதித்தது. குழந்தைகள், முதியோர் முதலிய பலருக்கு விலக்கு அளித்தது என்பது உண்மை, ஆயினும் விதித்தது. இங்கிலாந்தில் அக்கட்டணம் இன்றும் உண்டு. வேல்ஸ், வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகள் 2007-க்கும் 2011-க்கும் இடையில் அதனை நீக்கிவிட்டன. கெயிட்ஸ்கெல் நாற்காலியில் அமர்ந்தவனுக்குத்தான் கெயிட்ஸ்கெல்லின் கவலை விளங்கும் போலும்.

பெவரிட்ஜின் கணக்கு பொய்த்த விதத்தையும் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மருத்துவம் பெருகினால் நோய் குறையும், செலவு ஏறாது என்று அவர் நம்பினார். நடந்தது வேறு. குழந்தைப் பருவத்தில் காப்பாற்றப்பட்டவன் இளைஞனாகிறான். இளமையில் காப்பாற்றப்பட்டவன் எண்பது வயது வரை வாழ்கிறான். எண்பது வயதில் இதயமும் மூட்டும் கண்ணும் மருத்துவம் கேட்கின்றன. முன்பு தீராதென்று கைவிட்ட நோய்களுக்குப் புதிய சிகிச்சைகள் வருகின்றன. அவை விலை மிக்கவை. பிரிட்டனில் அரசாங்கம் மருத்துவத்துக்குச் செலவிடும் பங்கு, கில்லபோ குழு கண்டதைப்போல் இன்று இரு மடங்குக்கும் அதிகம். சீர்திருத்தம் தோற்றதால் ஏறிய செலவென்று இதனைச் சொல்லலாகாது; பெரும்பாலும் அது வென்றதால் ஏறிய செலவு. எனினும் செலவு செலவுதான். அதனை யாரேனும் கொடுத்தாக வேண்டும். சீர்திருத்தம் தன் செலவைத் தானே ஈடுகட்டிவிடும் என்று வாக்குக் கொடுப்பவர் நல்லெண்ணம் படைத்தவராயினும் தவறான வாக்குக் கொடுக்கிறார்.

இவ்வழக்கு நம் நாட்டுக்கும் அந்நியமன்று. பெவரிட்ஜ் அறிக்கைக்கு மறு ஆண்டே, 1943-இல், சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. போர் என்பது அவர் பெயர். யுத்தம் என்று கொள்ள வேண்டா. நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். கையில் காசில்லை என்ற காரணத்தால் எவனும் தகுந்த மருத்துவம் பெறாமல் போகக் கூடாது என்னும் கொள்கையை அக்குழு 1946-இல் வகுத்தது. பிரிட்டனும் இந்தியாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கொள்கையை எழுதின. அதனை நிறைவேற்றும் வசதி இரண்டுக்கும் ஒன்றாக இல்லை. பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் பிரிட்டன் மருத்துவமனைகளைத் தாங்கி நின்றார்கள். அவர்களைப் படிக்க வைத்த செலவு எந்த நாட்டின் கணக்கில் எழுதப்பட்டது என்பதும் சிந்திக்கத் தக்க ஒரு கேள்வி.

மாணவர்களே, மருத்துவச் செலவைப் பற்றி நீங்களும் ஒரு நாள் வாதாடுவீர்கள்; வாக்களிப்பீர்கள்; உங்களுள் சிலர் ஆட்சிப் பொறுப்பிலும் அமர்வீர்கள். அப்போது யாரேனும் ஒரு பெரிய தொகையைச் சொல்லி உங்களை மலைக்க வைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இந்தச் செலவு இதுவரை இல்லாததா, அல்லது வேறு யாரோ சத்தமின்றிக் கொடுத்து வந்ததா? இரண்டாவது, எதனோடு ஒப்பிட்டு இதனைப் பெரிது என்கிறோம். விலைவாசியோடும் நாட்டின் வருமானத்தோடும் வைத்துப் பார்த்தோமா? மூன்றாவது, இதற்குப் பணம் எங்கிருந்து வரும், அதற்காக எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம்? முதற் கேள்வியைக் கேட்க மறந்தவன் இரக்கமற்றவனாவான். மூன்றாம் கேள்வியைக் கேட்க மறந்தவன் பொறுப்பற்றவனாவான். இரண்டாம் கேள்வியைக் கேட்க மறந்தவனோ, பெரிய எண்ணைச் சொல்பவன் பின்னாலெல்லாம் போவான்.

அன்று எங்கள் மன்றத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய தீர்ப்பு இதுதான்: இரு கட்சியினரும் பாதிக் கணக்கையே போட்டீர்கள், ஆகையால் பரிசு ஒருவருக்கும் இல்லை, வீட்டுக்குச் சென்று முழுக் கணக்கையும் போட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். கை தட்டல் கிடைத்திருக்காது. ஆனால் ஆசிரியனுக்கு அது அழகாக இருந்திருக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிந்த அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு சொல். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். விடைபெற வந்தபோது, அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்ததற்காக வருந்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்கு இடம் கொடாமல் வணங்கிவிட்டுச் சென்றான். அந்தக் கடன் என் கணக்கில் இன்னும் நிற்கிறது. இந்தப் பேச்சு அதற்கு ஒரு சிறு தவணையாகட்டும்.